குளிரூரில் வீங்கிய பேட்டரி: ஒரு தேயிலை அலுவலகத்தின் நான்கு மடிக்கணினிகள்

கோத்தகிரிக்கு அருகே, சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான்கு மடிக்கணினிகள் உள்ளன. நான்கும் ஒரே மாடல், ஒரே விலைச்சீட்டில் ஒன்றாக வாங்கப்பட்டவை. புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றின் பேட்டரியும் 57 வாட்-மணி (ஒரு வாட் வீதம் 57 மணி நேரம் தரக்கூடிய மின்சாரம்) கொள்ளளவு கொண்டது. இரண்டரை ஆண்டு கழிந்தபின் ஒன்று வீங்கிவிட்டது, ஒன்று உயிரற்றுக் கிடந்தது, ஒன்று நடுத்தரமாகத் தேய்ந்திருந்தது. தோட்டம் தோட்டமாகச் சுற்றிய ஒன்றுதான் நல்ல நிலையில் இருந்தது. வீங்கியதோ, மேசையை விட்டு அசையாமல் டாக்கிங் ஸ்டேஷனிலேயே வாழ்ந்த கணினி. அந்தப் பகுதி அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் அங்கே கண்டதையும், செய்ததையும், அதன் பின் நிகழ்ந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நான்கு கணினிகளை வைத்துப் பொது விதி எதையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் மாடல், வயது, கட்டடம் மூன்றும் ஒத்திருக்கும் சூழல் எளிதில் அமைவதில்லை. இங்கே அமைந்ததால், வேறுபாட்டுக்கான காரணத்தைப் பயன்படுத்திய விதத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

அலுவலகத்தின் அமைப்பு

கணக்கு மேசையில் ஒரு முழுமையான டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக். ஒரே யூஎஸ்பி-சி வடத்தின் வழியே இரண்டு மானிட்டர்கள், விசைப்பலகை, பிரிண்டர், இணைய வடம் ஆகியவற்றோடு மின்சாரமும் கணினிக்குச் சென்றது. கணினியின் மூடி எப்போதும் மூடியே இருந்தது. மேசையில் இடம் வேண்டும் என்பதற்காக, மேசையின் கீழ் தச்சரைக் கொண்டு செய்த ஒரு மரப்பேழைக்குள் அதைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள், பின்புறத்தில் டாக்.

கொள்முதல் மேசையில் டாக் இல்லை. அதற்குப் பதிலாக, சார்ஜரின் மின்சாரத்தை உள்வாங்கிக் கணினிக்குக் கடத்தும் சிறிய ஹப் ஒன்று. மேலாளரின் கணினி பாதி நாள் அலுவலக டாக்கிலும் மீதி நாள் வெளியிலும் இருந்தது. நான்காவது, யாருடையதாவது பழுதானால் எடுத்துக்கொள்ளலாம் என்று இரும்பு அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது.

"இந்த ஊர்க் குளிருக்கு பேட்டரி எல்லாம் கெடாது சார்" என்று மேலாளர் முதல் நாளே சொன்னார். குன்னூரிலும் ஊட்டியிலும்கூட இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். கோவையில் கோடையில் நிறுத்திய காருக்குள் வெந்து போகும் கணினியோடு ஒப்பிட்டால் இதில் நியாயம் உண்டு. ஆனால் பேட்டரிக்குத் தெரிவது ஊரின் வெப்பநிலை அன்று, தன்னைச் சுற்றியுள்ள சில அங்குலத்தின் வெப்பநிலையே.

அளவீடு

விண்டோஸில் பேட்டரி அறிக்கை ஒன்றைத் தயாரித்துத் தரும் கட்டளை உண்டு. வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போது முழுமையாக ஏற்றினால் கிடைக்கும் கொள்ளளவு, சுழற்சி எண்ணிக்கை ஆகிய மூன்றும் அதில் இருக்கும். சுழற்சி என்பது முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் ஒருமுறை வெளியேறி மீண்டும் ஏறுவது. பாதிப் பாதியாக இருமுறை இறக்கி ஏற்றினாலும் அது ஒரே சுழற்சிதான்.

மேலாளரின் கணினி முந்நூற்றுச் சொச்சம் சுழற்சிகளைக் கண்டிருந்தும் 48 வாட்-மணி தாங்கியது. கொள்முதல் மேசைக் கணினி நானூறு சுழற்சிகளைத் தாண்டி 45-இல் நின்றது. கணக்கு மேசைக் கணினி நாற்பதைச் சுற்றியே சுழற்சி கண்டிருந்தது, அதாவது பேட்டரியை ஏறத்தாழ பயன்படுத்தவே இல்லை. அதன் கொள்ளளவோ 38. அலமாரிக் கணினி இயங்கவே மறுத்ததால் அறிக்கை எடுக்க வழியில்லை.

சுழற்சிகளை மட்டும் பார்த்துப் பேட்டரியின் வயதைக் கணிப்பவர்களுக்கு இந்த எண்கள் தலைகீழாகத் தோன்றும். இரண்டு கேள்விகள் எழுந்தன: பயன்படுத்தாத பேட்டரி ஏன் மிக அதிகமாகத் தேய்ந்தது? மேசையை விட்டு நகராத கொள்முதல் கணினிக்கு ஊர் சுற்றும் கணினியைவிட அதிகச் சுழற்சி எங்கிருந்து வந்தது?

கணக்கு மேசை

கணக்குப் பார்க்கும் அக்கா என்னை அழைத்தது பேட்டரிக்காக அன்று. கூட்டம் ஒன்றுக்குக் கணினியைக் கழற்றி எடுத்துச் சென்றபோது டச்பேடின் இடப்பக்கம் அழுந்தவில்லை என்பதுதான் புகார். கணினியைச் சமதளமான மேசையில் வைத்தேன். நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் ஆடியது. பக்கவாட்டில், மேல்தட்டும் அடித்தட்டும் சேரும் கோட்டில், முன் விளிம்புக்கு அருகே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. டச்பேடுக்கு நேர் கீழே இருப்பது பேட்டரி. அதை அங்கேயே நிறுத்தி, சார்ஜ் ஏற்றக்கூடாது, டச்பேடை அழுத்திப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றைப் பார்த்தேன்.

பொதுவாக மக்கள் சந்தேகிப்பது அளவுக்கு மீறிய சார்ஜை. அது இங்கே நடக்கவில்லை. நூறு விழுக்காட்டை எட்டியதும் கணினியின் மின்கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜை நிறுத்திவிட்டு, டாக்கின் மின்சாரத்திலேயே கணினியை ஓட்டும். சில விழுக்காடு தானாகக் குறைந்த பிறகே மீண்டும் ஏற்றும். ஆக, ஏற்றிக்கொண்டே இருந்ததால் கெடவில்லை. ஏற்றி முடித்த நிலையிலேயே மாதக்கணக்கில் இருந்ததால் கெட்டது.

லித்தியம்-அயனி மின்கலம் முழுதாக ஏறியபோது ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் அல்லது அதற்குச் சற்று மேலே இருக்கும். அந்த மின்னழுத்தத்தில் நேர்மின்வாய்ப் பக்கத்தில் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகிறது. அதில் வாயுவும் உண்டாகிறது. எதிர்மின்வாயின் கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. கொள்ளளவு குறைவதற்குப் படலமும், மின்கலத்தை மூடியிருக்கும் பை வீங்குவதற்கு வாயுவும் காரணம். வெப்பம் இரண்டையும் விரைவுபடுத்தும். இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணையின்படி, 40 விழுக்காடு சார்ஜில் 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்த மின்கலம் 96 விழுக்காடு கொள்ளளவோடு மீளும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தது 80-க்கு இறங்கும். 40 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தது 65-க்குப் போய்விடும். மின்கலத்தின் வேதிக்கலவைக்கேற்ப எண்கள் மாறும் என்றாலும் போக்கு மாறாது.

அப்படியானால் 40 டிகிரி கோத்தகிரியில் எங்கிருந்து வந்தது? அறையின் வெப்பநிலை அன்று காலை 17 டிகிரி. மரப்பேழைக்குள் நிறுத்தியிருந்த கணினியின் அடித்தட்டில், பேட்டரி இருக்கும் பகுதியில், அகச்சிவப்பு வெப்பமானி 43-ஐக் காட்டியது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூடி மூடியிருந்ததால் கீலின் வழியே வெளியேற வேண்டிய சூடான காற்றும், விசைப்பலகையின் வழியே கசிய வேண்டிய வெப்பமும் தடைபட்டன. இரண்டு மானிட்டர்களை ஓட்டும் டாக்கும் தன் பங்குக்குச் சூடாகி அதே பேழைக்குள் மூச்சுவிட்டது. தூசி விழாமல் இருக்க முன்பக்கம் ஒரு பழைய சால்வைத் துண்டைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். டிசம்பர், ஜனவரியில் அக்கா காலடியில் வைத்துக்கொள்ளும் ஹீட்டர் பேழையைப் பார்த்தே இருந்தது. மலையில் ஹீட்டர் இல்லாமல் உட்கார்ந்து கணக்கு எழுதச் சொல்வது நடக்கிற காரியம் அன்று. அதன் முகத்தைத் திருப்பச் சொல்வது மட்டுமே நியாயம்.

இவற்றோடு, யாரும் எண்ணிப் பாராத இன்னொரு காரணமும் உண்டு. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் இன்னும் குறைவு. அதே வேகத்தில் சுழலும் மின்விசிறி அந்த அளவுக்குக் குறைந்த காற்றையே தள்ளும், எனவே குறைந்த வெப்பத்தையே எடுத்துச் செல்லும். திறந்த மேசையில் குளிர்ந்த காற்று இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். பேழைக்குள் அந்தக் குளிர்ந்த காற்றுக்கு வழியில்லை.

நூறு விழுக்காட்டிலேயே வைத்திருக்க அக்காவுக்கு ஒரு காரணம் இருந்தது. "மழைக்காலத்தில் எந்த நேரம் மரம் விழும், எந்த நேரம் கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும் தம்பி? நூறு இருந்தால்தான் மனசுக்கு நிம்மதி." வடகிழக்குப் பருவமழையை நேரடியாக வாங்கும் சரிவில் இருக்கும் அலுவலகம் அது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவருடைய கவலை நியாயமானதே. ஆனால் மின்தடையின்போது அங்கே என்ன நடக்கிறது என்பதை அவரோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். மின்சாரம் நின்ற கணமே டாக் அணைகிறது. அதோடு இரண்டு மானிட்டர்களும், டாக் வழியே வரும் இணையமும், டாக்கில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க்கும் போய்விடுகின்றன. பேழைக்குள் மூடிக்கிடக்கும் கணினி நூறு விழுக்காட்டோடு விழித்திருந்தும் பயனில்லை. எழுதிக்கொண்டிருந்த கோப்பு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அதுவும் பழுதாகக்கூடும். நிம்மதி தர வேண்டியது கணினியின் பேட்டரி அன்று, டாக்குக்கும் ரூட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ்.

எண்களும் அதையே சொல்லின. வீங்கிய பேட்டரியில் நூறு விழுக்காடு என்பது 38 வாட்-மணி. புதிய பேட்டரியை 80 விழுக்காட்டில் நிறுத்தினால் 45.6 வாட்-மணி. கணக்கு மென்பொருள் மட்டும் ஓடும்போது, தன் திரையோடு அந்தக் கணினி 10 வாட் அளவில் உண்கிறது என்று கொண்டால், 80-இல் நிறுத்திய புதிய பேட்டரி நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். எப்போதும் நூறு என்று காத்துத் தேய்ந்த பேட்டரி நான்கு மணி நேரத்தைத் தொடாது. அக்கா கால்குலேட்டரை எடுத்துத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

கொள்முதல் மேசை

இங்கே சிக்கல் வேறு. கணினியோடு வந்த 65 வாட் சார்ஜரை யாரோ வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட, பழைய கணினி ஒன்றின் 45 வாட் சார்ஜர் ஹப்பில் செருகப்பட்டிருந்தது. இவ்வகை ஹப்புகள் தம் சொந்தத் தேவைக்கும் தம்மில் செருகும் கருவிகளுக்கும் 10 முதல் 15 வாட் வரை ஒதுக்கிக்கொண்டு, மீதியைத்தான் தருவதாகக் கணினியிடம் அறிவிக்கும். ஆக, கணினிக்குக் கிடைத்தது 30 வாட் அளவில். எடைச் சீட்டுகளை உள்ளிடும்போது அது போதும். ரசீதுகளை ஸ்கேன் செய்துகொண்டே வீடியோ அழைப்பில் பேசினால் போதாது. குறையும் மின்சாரத்தைப் பேட்டரி கொடுக்கும். வேலை தணிந்ததும் அதை மீண்டும் நிரப்பிக்கொள்ளும். செருகியிருக்கும் படம் திரையின் மூலையில் தெரிந்துகொண்டே இருந்ததால் பேட்டரி இறங்கி ஏறுவது யார் கண்ணிலும் படவில்லை. மெதுவான சார்ஜர் என்ற எச்சரிக்கை அவ்வப்போது வந்திருக்கிறது, வழக்கம்போல மூடப்பட்டிருக்கிறது.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. மாலையில் புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அந்த அலுவலகத்தின் விதி. நல்ல விதி, மரக்கூரைக் கட்டடத்தில் அது இருக்கவே வேண்டும். ஆனால் கணினியை ஷட் டவுன் செய்யாமல் மூடியை மட்டும் மூடிவிட்டுப் போனதால், டாக்கும் ஹப்பும் அணைந்த பின்னரும் அது அரைத்தூக்கத்தில் இரவு முழுதும் பேட்டரியை உண்டது. காலையில் வந்து மெயினைப் போட்டதும் மீண்டும் ஏற்றம். நானூறு சுழற்சிகளின் பெரும்பகுதி இவ்விரண்டாலும் வந்தது என்பதே என் கணிப்பு.

இத்தனைக்குப் பிறகும் அது கணக்கு மேசைக் கணினியைவிட நன்றாக இருந்தது கவனிக்கத்தக்கது. திறந்த மேசையில், மூடி திறந்து, பெரும்பாலும் நூறை எட்டாமல் இருந்ததே அதைக் காப்பாற்றியது.

அலமாரியில் இருந்தது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று விழுக்காடு சார்ஜோடு உள்ளே வைத்திருக்கிறார்கள். தன்னிறக்கத்தாலும் உள்சுற்றுகளின் சிறு நுகர்வாலும் மின்கலங்கள் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போய்விட்டன. அந்த நிலைக்கு இறங்கிய மின்கலத்தில் எதிர்மின்வாயின் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் ஏற்றினால் உள்ளே குறுக்குச் சுற்று ஏற்படலாம் என்பதால் கட்டுப்பாட்டுச் சுற்று சார்ஜை ஏற்க மறுக்கிறது. அதை வற்புறுத்தி எழுப்பித் தருவதாகச் சொல்லும் கடைகள் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. பேட்டரியை மாற்றச் சொன்னேன்.

செய்த மாற்றங்கள்

கணக்கு மேசையின் மரப்பேழையைக் காலி செய்து, கணினியை மேசைமேல் ஒரு கம்பித் தாங்கியில், மூடி திறந்து, மூன்றாவது திரையாக வைத்தோம். டாக்கைக் கணினியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். சால்வை எடுக்கப்பட்டது. ஹீட்டர் எதிர்ப்பக்கம் திரும்பியது. வீங்கிய பேட்டரியும் அலமாரிக் கணினியின் பேட்டரியும் மாற்றப்பட்டன.

அடுத்து சார்ஜ் வரம்பு. இதைக் கணினியில்தான் வைக்க வேண்டும். டாக் மின்சாரத்தைக் கொடுக்கும், எவ்வளவு ஏற்றுவது என்பதைக் கணினியே முடிவு செய்யும். இந்த மாடலில் பயாஸுக்குள்ளேயே, அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை மென்பொருளிலேயே, சார்ஜ் தொடங்கும் அளவையும் நிறுத்தும் அளவையும் தனித்தனியே குறிக்க முடிந்தது. கணக்கு மேசை, கொள்முதல் மேசை இரண்டிலும் 60-இல் தொடங்கி 80-இல் நிறுத்துமாறு வைத்தோம். மற்ற நிறுவனங்களின் கணினிகளிலும் இதற்கு வழி உண்டு. லெனோவோவில் வான்டேஜ் செயலியிலும், டெல்லில் பயாஸிலும், எச்பியின் அலுவலகக் கணினிகளில் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்ற பயாஸ் அமைப்பிலும், ஏசுஸில் மைஏசுஸ் செயலியிலும் அதைக் காணலாம். பயாஸில் வைப்பதையே நான் விரும்புகிறேன். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் அது அழியாது.

கொள்முதல் மேசைக்கு 100 வாட் சார்ஜர் வாங்கினோம். அதோடு வடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. சாதாரண யூஎஸ்பி-சி வடம் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்தான் கடத்தும். அதற்கு மேல் போக, தன் திறனை அறிவிக்கும் சில்லு பதித்த 5 ஆம்பியர் வடம் வேண்டும். இது இல்லாமல் சார்ஜரை மட்டும் மாற்றியிருந்தால் பாதிப் பயன்தான். மூடியை மூடினால் தூங்குவதற்குப் பதிலாக ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு அணையும்படி, அமைத்தோம்.

அலமாரிக் கணினியை 50 விழுக்காட்டில் அணைத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பொறுப்பு கொள்முதல் எழுத்தரிடம் விடப்பட்டது. டாக், ரூட்டர், ஒரு மானிட்டர் ஆகியவற்றுக்கு யூபிஎஸ் வந்தது.

பின்னர்

முதல் வாரத்திலேயே அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது: எண்பதுக்கு மேல் ஏறவே இல்லை, செருகியிருக்கிறது ஆனால் சார்ஜ் ஆகவில்லை என்று திரை சொல்கிறது, புதுப் பேட்டரியும் போய்விட்டதா? வரம்பு வைப்பவர்கள் எல்லாருக்கும் இந்த அழைப்பு வரும். பயாஸ் திரையைப் படமெடுத்து அச்சிட்டு டாக்கின் மேல் ஒட்டியபின் அழைப்பு நின்றது.

சில மாதங்கள் கழித்து எடுத்த அறிக்கையில் கணக்கு மேசையின் புதிய பேட்டரி ஏறத்தாழ வாங்கியபடியே இருந்தது. ஆனால் கொள்முதல் மேசையின் பழைய பேட்டரி 45-இலிருந்து திடீரென 41-ஆகத் தெரிந்தது. சுழற்சிகளோ மிகக் குறைவாகவே கூடியிருந்தன. அதற்கு இவ்வளவு தேய்மானம் பொருந்தவில்லை. நீண்ட காலம் 60-க்கும் 80-க்கும் இடையிலேயே உலவும் பேட்டரியில், கொள்ளளவை மதிப்பிடும் சுற்று தன் இரு எல்லைகளையும் பாராமல் கணக்கைப் பிசகவிடும். வரம்பை நீக்கி, ஒருமுறை முழுதாக ஏற்றி, வேலை செய்தபடியே இறங்கவிட்டு, மீண்டும் ஏற்றியதும் மதிப்பு 44-க்குத் திரும்பியது. ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்தால் போதும். வாராவாரம் செய்தால் அதுவே தேய்மானம்.

குளிரைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஜனவரி அதிகாலையில் மேலாளரின் கணினி வழக்கத்தைவிட விரைவாக இறங்குவதாகச் சொன்னார். குளிரில் மின்கலத்தின் உள்தடை கூடுவதால் அப்படித் தோன்றும். வெயில் ஏறியதும் சரியாகும், இது தேய்மானம் அன்று. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதுதான் நிலையான கேடு தரும், எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படியும். ஊட்டியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் இரவில் ஜீப்பிலேயே விட்டுவந்த கணினியை, எடுத்து வந்த உடனே செருகாமல், அறையில் சற்று நேரம் வைத்த பிறகே செருக வேண்டும். குளிர்ந்த கணினி அறைக்குள் வந்ததும் அதன்மேல் ஈரம் வியர்க்கும் என்பதற்காகவும் அது நல்லது.

மேலாளரின் கணினிக்கு மட்டும் நிலையான வரம்பு வைக்கவில்லை. அவர் நாள் முழுதும் வெளியே இருக்கும் நாட்களில் அவருக்கு நூறும் வேண்டும். டாக்கில் இருக்கும் வாரங்களில் 80, வெளியே போகும் முந்தின இரவில் நூறு என்று அவரே மாற்றிக்கொள்கிறார். மறந்துபோகும் நாட்களும் உண்டு. நூறில் சில மணி நேரம் இருப்பதால் கேடில்லை.

வீங்கிய பேட்டரியைக் கழற்றி, மணல் நிரப்பிய தகரப் பெட்டியில், கட்டடத்துக்கு வெளியே மழை படாத இடத்தில் வைத்தோம். அதைப் பார்சலில் அனுப்பக்கூடாது, பேருந்தில் கொண்டு போகக்கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தும் மாவட்டத்தில், பழைய பேட்டரிகள் மட்டும் குப்பையோடு குப்பையாகப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்த வழியிலேயே, தொழிற்சாலையின் வண்டியில், சமவெளியில் உள்ள சேகரிப்பு மையத்துக்கு அது சென்றது.

அலுவலகம் இப்போது இன்னும் இரண்டு கணினிகள் வாங்கவிருக்கிறது. விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் மூன்று கேள்விகள் சேர்ந்துள்ளன: பயாஸிலேயே சார்ஜ் வரம்பு வைக்க முடியுமா, டாக் தன் தேவை போகக் கணினிக்கு எத்தனை வாட் கொடுக்கும், பேட்டரி திருகாணியால் கழற்றி மாற்றத்தக்கதா, ஒட்டப்பட்டதா.